கிராம சபையில் கற்பூரம் ஏற்றலாமா? வட ஆற்காட்டு ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தேன். பதவிக்காலம் முடிந்த பிறகும், கிராம சபைக்கு முந்தின வாரம் யாராவது போன் செய்வார்கள். நூறு நாள் வேலை அட்டை, வீட்டு வரி ரசீது, தெருவிளக்கு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "கூட்டம் ஆரம்பிக்கும்போது சாமி கும்பிடறாங்க. நாங்க வேற. அப்போ நாங்க என்ன செய்யறது?" கேட்பவர் சில நேரம் முஸ்லிம், சில நேரம் கிறிஸ்தவர், ஒருமுறை ஆரணிப் பக்கத்துச் சமணர், ஒருமுறை கறுப்புச் சட்டைக்காரர். இந்துக்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிராம சபையை இறைவணக்கத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்குக் கேட்பதெல்லாம் வேறு: முன்கூட்டியே அறிவிப்பு, போதுமான ஆட்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, தீர்மான நோட்டில் தீர்மானம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். சாமி கும்பிட்டார்களா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. கற்பூரம் ஏற்றாததால் செல்லாமல் போன தீர்மானம் என்று எதுவும் கிடையாது.

தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் நாட்டுப்பண். அரசு விழாக்களின் முறை அவ்வளவுதான். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள், கீழே சொல்கிறேன்.

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஊர்க்கூட்டத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது.

நம் பக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஊர்க்கூட்டம் என்று ஒன்று உண்டு. மாரியம்மன் கோயில் திண்ணையிலோ அரசமரத்தடியிலோ கூடுவார்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, கூத்துக்கு எந்த ஜமா (கூத்துக் குழு), மயானக் கொள்ளைக்கு யார் முன்னே நிற்பது என்று பேசுவார்கள். குடியாத்தம் கெங்கையம்மனுக்கு வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா என்றால், அதற்கு மாசக்கணக்கில் முன்னாலேயே பேச்சு தொடங்கிவிடும். அந்தக் கூட்டம் சாமிக்காகக் கூடுகிறது. அங்கே கற்பூரம் ஏற்றாமல் பேச்சை ஆரம்பித்தால்தான் தப்பு. வரி கொடுக்கிறவர்களின் கூட்டம் அது.

கிராம சபை அப்படி இல்லை. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர்கள். கோயில் வரி கொடுப்பவர், கொடுக்காதவர், நேற்று வந்து குடியேறியவர், காலனிக்காரர், மசூதித் தெருக்காரர் எல்லோரும் அதில் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் இருந்தது. 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள்.

இதில் ஊர்ப் பெரியவர்கள் பேரில் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வருவது பெரும்பாலும் அதே ஆட்கள். பந்தல்காரர் ஒருவர், மைக் செட் ஒன்று. பல ஊர்களில் இடமும் ஒன்றாகவே இருந்தது. பழைய கூட்டத்தின் பழக்கம் புதிய கூட்டத்துக்குள் தானாகவே வந்துவிட்டது. யாரும் திட்டமிட்டுக் கொண்டு வரவில்லை. ஆனாலும் அதனால் வெளியே நிற்க நேர்கிறவருக்கு அது திட்டமிட்டதுபோலத்தான் படும்.

அதனால்தான் ஒவ்வொரு முறையும் மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பில், மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைப் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியைப் பேனாவால் கோடிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

எங்கள் ஊரில் தொண்ணூறு சதவீதம் ஒரே மதம். பத்து பேருக்காக மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது: எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்று இதைக் கேட்கிறீர்கள்?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் சிறுபான்மை யார் என்பது பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறும். காட்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் முஸ்லிம் குடும்பம் நாலே நாலு இருக்கும். ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. அங்கே மற்றவர்கள் சிறுபான்மை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டில் தெருவுக்குத் தெரு கணக்கு வேறு. அமெரிக்க மிஷன்காரர்கள் 1850களிலிருந்து வேலை செய்த இந்த மாவட்டத்தில் ஊர் பாதி கிறிஸ்தவர்களாக உள்ள கிராமங்களும் உண்டு, பக்கத்து ஊரில் ஒரே ஒரு கிறிஸ்தவ வீடும் உண்டு. வள்ளிமலைக் குகையில் சமணச் சிற்பம் இருக்கிறது, போளூர்ப் பக்கம் திருமலையில் நேமிநாதர் நிற்கிறார். அந்தக் காலத்திலிருந்தே தமிழ் பேசும் சமணர்கள் இங்கே நெல் விளைவித்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஊரில் நாலைந்து வீடுதான் என்பதால் யாரும் அவர்களை நினைப்பதுகூட இல்லை. மேலே ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைக்குப் போனால் மலையாளிப் பழங்குடிகளின் சாமிகளும் கும்பிடும் முறையும் வேறு.

பெரும்பான்மையின் சாமிதான் கூட்டத்தின் சாமி என்று விதி வைத்தால், அந்த விதி மேல்விஷாரத்திலும் செல்ல வேண்டும். ஒரு ஊரில் தமக்கு வேண்டாததை அடுத்த ஊரில் பிறருக்குச் செய்ய முடியாது. மேல்விஷாரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள் ஒருமுறை சொன்னாள்: "ஒரு பொதுக் காரியத்துக்குப் போனேன் அக்கா. துஆ ஓதினாங்க. எல்லாரும் கையேந்தினாங்க. என் கையை நான் எங்க வைக்கறதுன்னே தெரியல." எங்கள் ஊர் கிராம சபையில் கற்பூரத் தட்டு வரும்போது பாய் வீட்டு அம்மாவுக்கும் அதேதான்.

கும்பிட விருப்பமில்லாதவர் சும்மா நிற்கலாமே. அவருக்கு என்ன நஷ்டம்?

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன்.

நான் உறுப்பினராக இருந்த இரண்டாம் வருடம். கூட்டம் தொடங்கியது. பிள்ளையார் படத்துக்கு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி, தட்டு வரிசையாக வந்தது. பின் வரிசையில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். தோல் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முஸ்லிம்களின் அடக்கத்தலமான கபர்ஸ்தானுக்குப் போகும் பாதை மழைக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டியிருக்கிறது என்று மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். தட்டு தன்னிடம் வருவதற்குள் அவர் எழுந்து வெளியே போனார். தட்டைத் தொடாமல் அனுப்பினால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று, மரியாதைக்காகத்தான் போனார். வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே பூஜை முடிந்ததும் கிளார்க் மளமளவென்று கூட்டப் பொருள்களைப் படித்தார். சாலைப் பணிகள் என்ற தலைப்பு இரண்டாவதாக இருந்தது. பாய் திரும்பி வந்து உட்காரும்போது அது முடிந்து குடிநீருக்குப் போய்விட்டார்கள். அவர் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். "பாய், உங்க மனு இருக்கே" என்று எழுந்து சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தேன். சொல்லவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

கிராம சபைக்கு வருகிறவர் வேடிக்கை பார்க்க வருவதில்லை. கையில் ஒரு மனு இருக்கிறது. மனுவை வாங்குகிறவர் எதிரே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். "நான் இவர்களோடு சேரவில்லை என்றால் என் மனு என்ன ஆகும்?" என்று அவருக்குத் தோன்றாமல் இருக்காது. தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தோன்றும். அந்தக் கணக்கைப் போட வைப்பதே நஷ்டம்தான்.

வெளிநாட்டில் இதற்கு வழக்கு நடந்ததாமே?

நடந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்று ஒரு டவுன். நம் ஊர் நகராட்சி போல அதற்கும் ஒரு மன்றம், மாதாமாதம் கூட்டம். 1999 முதல் ஒவ்வொரு கூட்டத்தையும் உள்ளூர்ப் போதகர் ஒருவரை அழைத்து ஜெபத்தோடு தொடங்கினார்கள். பல வருடம் வந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். சூசன் கேலோவே என்ற யூதப் பெண்ணும் லிண்டா ஸ்டீபன்ஸ் என்ற கடவுள் நம்பிக்கை இல்லாத பெண்ணும் கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள், அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2014இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் டவுனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஜெபம் அந்த நாட்டின் பழைய மரபு, பிற மதத்தை இழிவு செய்யாமல், யாரையும் கட்டாயப்படுத்தாமல் இருந்தால் போதும் என்பது தீர்ப்பின் சாரம்.

எனக்குப் பிடித்தது தோற்ற பக்கத்தில் இருந்த நீதிபதி எலினா கேகன் எழுதியது. அவர் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கற்பனை செய்யச் சொன்னார். அவள் மன்றத்திடம் ஒரு அனுமதி கேட்டு வந்திருக்கிறாள். இயேசுவின் பேரால் ஜெபம் தொடங்குகிறது. அவள் சேர்ந்துகொள்வதா, எழுந்து போவதா? இரண்டில் எதைச் செய்தாலும், தான் கேட்டதைத் தரவேண்டியவர்கள் முன்னால், தான் வேறு என்று காட்டிக்கொண்டுதான் நிற்கிறாள். எங்கள் ஊர் வேப்பமரத்தடி எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கே இந்துக்கள் நிலை என்ன?

இதை நம் ஊர் இந்துக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 ஜூலை 12ஆம் தேதி அமெரிக்க செனட் சபையில் முதல்முறையாக ஓர் இந்துப் பிரார்த்தனை சொல்ல ராஜன் செட் என்பவரை அழைத்திருந்தார்கள். அவர் ஆரம்பித்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து சிலர் கூச்சல் போட்டார்கள், இது தங்கள் கடவுளுக்கு அவமானம் என்று. மூன்று பேரைக் கைது செய்தார்கள். நம் சாமியின் பெயரை வேறொரு நாட்டு அவையில் சொல்லும்போது அப்படி நடந்தால் நமக்கு நெஞ்சு எரியத்தானே செய்கிறது.

எல்லா நாட்டிலும் அமெரிக்கத் தீர்ப்புதானா?

கனடா வேறு மாதிரி சொன்னது. கியூபெக் மாகாணத்தில் சகுனே என்ற நகரத்து மேயர், கூட்டத்துக்கு முன் சிலுவை அடையாளம் போட்டு ஜெபம் சொல்வார். எதிர்ப்பு வந்ததும் ஒரு விதி செய்தார்கள்: ஜெபம் முடிந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் கூட்டம் தொடங்கும், வேண்டாதவர்கள் அதற்குள் உள்ளே வரலாம். கேட்க நியாயம்போல இருக்கிறது. ஆனால் யார் வெளியே நின்றார் என்பதை ஊரே பார்க்கும் ஏற்பாடு அது. 2015இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஜெபத்தை நிறுத்தச் சொன்னது. அரசு மதங்களுக்கு நடுவில் ஒருபக்கம் சாயாமல் நிற்க வேண்டும் என்றது.

இங்கிலாந்தில் பிட்ஃபோர்ட் என்ற சிறு நகர மன்றத்தில் 2012இல் உயர் நீதிமன்றம், கூட்ட நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக ஜெபம் வைக்க மன்றத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்றது. 2015இல் அங்கே புதுச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நம் அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

25ஆம் பிரிவு எல்லோருக்கும் மனச்சான்றுச் சுதந்திரம் தருகிறது. தன் மதத்தைப் பின்பற்ற உரிமை என்றால், பிறர் வழிபாட்டில் சேராதிருக்கவும் உரிமைதான். 27ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரையும் வரி கட்டச் சொல்லக் கூடாது என்கிறது. அதனால் பூ, பழம், கற்பூரச் செலவை ஊராட்சிக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டு வரி எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் சேர்ந்தது என்று சொன்னது.

இன்னொன்றும் உண்டு. பதவி ஏற்கும்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் ஒரே மதிப்பு. முதல் நாள் உறுதிமொழியிலேயே சட்டம் இரண்டு வழி திறந்து வைத்திருக்கிறது. அதன்பிறகு நடக்கும் கூட்டத்தில் நாம் ஏன் ஒரு வழியை மூட வேண்டும்?

தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சியில், 1968லேயே, அரசு அலுவலகங்களில் உள்ள சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இன்றும் பல அலுவலகச் சுவர்களில் படம் இருக்கிறது. மேசைக்குள் தன் சாமி படத்தை வைத்திருக்கும் அலுவலரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அவர் நம்பிக்கை. சுவர் மட்டும் எல்லோருடையது.

தமிழ்த்தாய் வாழ்த்தும் ஒரு சாமிப் பாட்டுதானே? அதற்கு நிற்கலாமா?

மார்க்கத்தில் கண்டிப்பான சில முஸ்லிம் சகோதரர்களும், சில கிறிஸ்தவ சபையாரும் நிஜமான தயக்கத்தோடு கேட்கிறார்கள். அணங்கு, தாய், வாழ்த்து என்றெல்லாம் வருகிறதே என்று. சிரித்து ஒதுக்கக் கூடிய கேள்வி இல்லை இது.

பாட்டு மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் எழுதிய நாடகத்தின் தொடக்கத்திலிருந்து எடுத்தது. 1970இல் அரசு விழாக்களுக்கு ஏற்றார்கள். மெட்டு எம்.எஸ்.விஸ்வநாதன் போட்டது. மொழியைத் தாயாகப் பார்க்கும் பாட்டு. எந்த மதத்துச் சாமிக்கும் உரியதில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது ஒரு வாழ்த்துப் பாடல், நாட்டுப்பண் அல்ல, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் இல்லை, ஆனால் மரியாதை காட்ட வேண்டும் என்றது. அதே மாதம் 17ஆம் தேதி தமிழ்நாடு அரசு இதை மாநிலப் பாடல் என்று அறிவித்தது. 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு.

என் எண்ணம்: நில்லுங்கள். நிற்பது மரியாதை, அது வழிபாடு ஆகாது. பாட மனம் ஒப்பவில்லை என்றால் அமைதியாக நில்லுங்கள்.

நிற்கிறேன், பாட மாட்டேன் என்றால் தப்பாகுமா?

நாட்டுப்பண்ணுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985இல் அவர்களைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மரியாதையாக நிற்பதே போதும், பாடாதது அவமதிப்பு ஆகாது என்றது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது முறைத்தால் சொல்வதற்கு ஆகும்.

மூன்று மதத்துக்கும் ஒவ்வொரு பிரார்த்தனை வைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

நல்ல மனசோடு சொல்லப்படும் யோசனை. வேலூருக்குப் பொருந்தும் என்றும் தோன்றும். கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. மும்மதப் பிரார்த்தனை நடக்கும் விழாக்களுக்கு நானும் போயிருக்கிறேன், மனம் நிறைந்து வந்திருக்கிறேன்.

விழாவுக்குச் சரி. மாமன்றக் கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் ஒத்துவராது என்பது என் அனுபவம். முதலில், மூன்று என்று எண்ணியது யார்? சமணர், நம்பிக்கை இல்லாதவர், மலைக்காரர் அதில் எங்கே? இரண்டாவது, நாலைந்து வீடு மட்டுமே உள்ள மதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் வராத நாளில் இரண்டு பிரார்த்தனையோடு நின்றுவிடும். நாளடைவில் ஒன்றாகிவிடும். மூன்றாவது, யார் முதலில் சொல்வது என்று ஒரு சண்டை. மூன்று வரிப் பிரார்த்தனை மூன்று நிமிடப் பிரசங்கமாக நீள்வது இன்னொரு சண்டை.

அதைவிட எளிய வழி இருக்கிறது. புதிய மக்களவையின் முதல் நாள் அமர்வில் உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து சற்று நேரம் மௌனமாக நிற்பார்கள். நம் சட்டமன்றத்தில் சபாநாயகர் ஒரு திருக்குறளைச் சொல்லி அன்றைய அவையைத் தொடங்குவார். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், அரை நிமிட மௌனம். குறளைச் சமணரும் தமது என்பார், சைவரும் தமது என்பார். எல்லோரும் உரிமை கொண்டாடும் நூல் என்பதால் யாரும் அன்னியமாக உணர மாட்டார்கள். பொருட்பாலில் ஆட்சி முறை பற்றியே எத்தனையோ இருக்கிறது. தலைவர்கள் அதைக் காதில் வாங்கினால் நல்லதுதான். மௌனத்தில் அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். நான் முருகனை நினைப்பேன்.

பூமி பூஜை, ஆயுத பூஜை எல்லாம்?

இதில் வரையறை தெளிவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011இல் குஜராத்தில் உயர் நீதிமன்றக் கட்டடத்துக்கே பூமி பூஜை போட்டதை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட, மனுவைத் தள்ளுபடி செய்து அவருக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்கள். நம் பக்கத்தில் தர்மபுரியில் 2022இல் ஓர் ஏரிப் பணிக்குப் பூமி பூஜை போட்டபோது, அப்போதைய எம்.பி. செந்தில்குமார், அரசு விழாவில் ஒரு மதச் சடங்கு மட்டும் ஏன் என்று அங்கேயே கேட்டது பெரிய பேச்சானது.

கொத்தனார் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கடப்பாரை பிடிப்பது அவர் தொழில் பக்தி, அதை யாரும் தடுக்க வேண்டாம். என் கவலை மனுவோடு வரும் மனிதரைப் பற்றியது. கூட்டம் நடக்கும் அறை, பொருள் படிக்கும் நேரம், ஊராட்சிப் பணம். இந்த மூன்றிலும் கண்டிப்பாக இருந்தால் போதும் என்பேன். பொங்கலுக்கு எல்லோரையும் கூப்பிட்டு சமத்துவப் பொங்கல் வைப்பது எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா? ஒரு நிமிடக் கற்பூரம்தானே?

வேலூர்க்காரர் இதைக் கேட்கலாமா? 1806 ஜூலை 10 விடியற்காலை நம் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்? நெற்றியில் குறி இடக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று மேலிடம் உத்தரவு போட்டது. நாமம் போட்டவரும் தாடி வைத்தவரும் ஒரே நாளில் அடிபட்டார்கள், ஒன்றாக எழுந்தார்கள். நூற்றுக்கணக்கான உயிர் போயிற்று. கம்பெனிக்காரர் கண்ணுக்கு அதுவும் ஒரு தொப்பி, ஒரு பொட்டு, அவ்வளவுதான். நம்பிக்கை சம்பந்தப்பட்டதில் சின்னது எது, பெரியது எது என்று அதிகாரத்தில் இருப்பவர் அளக்க முடியாது.

எங்கள் ஊரில் மாற்ற வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

கூட்டத்தில் எழுந்து கத்தாதீர்கள். கற்பூரம் எரிகிற நேரத்தில் சொன்னால் சாமிக்கு எதிராகச் சொன்னதாகிவிடும். பிறகு எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது. ஒரு வாரம் முன்பே தலைவர் வீட்டுக்குப் போங்கள். முடிந்தால் அவர் மதத்தைச் சேர்ந்த ஒருவர் போங்கள், பாதிக்கப்பட்டவரை அனுப்பாதீர்கள். நான் பாய் விஷயத்தைச் சொன்னபோது எங்கள் தலைவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "எனக்குத் தெரியாதும்மா, அவர் பீடி குடிக்கப் போனார்னு நெனச்சேன்" என்றார்.

எங்கள் ஊரில் செய்தது இதுதான்: கும்பிட விரும்புகிறவர்கள் பத்தரை மணிக்கே பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவது. பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலக வாசலில் தமிழ்த்தாய் வாழ்த்தோடு கூட்டம். இரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்ததற்கு வந்துவிட்டார்.

பேசி ஆகவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். முதலில் வட்டார வளர்ச்சி அலுவலர், அப்புறம் ஊராட்சிகளின் உதவி இயக்குநர், அதற்கு மேல் ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். முன்பு சொன்னேனே, மாவட்ட அறிவிப்பில் மதச்சார்புள்ள வளாகம் பற்றிய வரி, அதை மனுவோடு இணையுங்கள். தீர்மான நோட்டின் நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம்.

கூட்டம் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ வந்தால்?

பலர் யோசிக்காத விஷயம். 2025இல் ஜனவரி 26 ஞாயிறு, ஆகஸ்ட் 15 வெள்ளி. ஞாயிறு காலை ஆராதனை முடியாமல் கிறிஸ்தவர்கள் வர முடியாது. வெள்ளியன்று பன்னிரண்டரைக்கு ஜும்மாவுக்குக் கிளம்ப வேண்டும், பதினொன்றுக்குத் தொடங்கும் கூட்டம் அதற்குள் முடியாது. நாளை மாற்ற ஊராட்சியால் முடியாது. பொருள் வரிசையை மாற்ற முடியும். அவர்கள் தெருப் பிரச்சினைகளை வெள்ளியன்று முதலில் எடுங்கள், ஞாயிறன்று கடைசியில் எடுங்கள். காசு செலவில்லை, உத்தரவும் வேண்டாம்.

அந்த கபர்ஸ்தான் பாதை என்ன ஆயிற்று?

அடுத்த அக்டோபர் 2 கூட்டத்தில் பாயை முன் வரிசையில் உட்காரச் சொன்னோம். மனுவை அவரே படித்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்த அதே தாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. "மழைக்கு முன்னாடியே போட்டிருக்கணும்" என்று சொன்னது, முணுமுணுத்த அந்தப் பெரியவர்களில் ஒருவர். தீர்மானம் ஏறி, நிதி வந்து, கல் கொட்டி, பாதை போட இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பாய் அதற்குள் இறந்துவிட்டார். பாதை போட்டு முடித்த அன்று அவர் மகன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கில் பிரியாணி வந்தது.